பாதுகாக்கப்படாத கணினி ஒன்று

ஆயுத பூசை, மாலை 5.10

பதிவு எழுதுவது பூவராகன், கணினிப் பொறுப்பு, வெண்குழிச் சுரங்க நிலையம், நிலவின் தென்முனை.

இன்று நிலையத்தில் யாரும் வேலை செய்யவில்லை. அலுவலகக் கணினிகளை எல்லாம் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு அணைத்தாயிற்று. தலைமையகம் அனுப்பிய புதிய வைரஸ் தடுப்பு மென்பொருளை ஏற்ற இதைவிட நல்ல நாள் கிடைக்காது. கணினி கணினியாகப் போய் உட்கார வேண்டிய அவசியமும் இல்லை. சர்வரிலிருந்து ஒரே கட்டளை கொடுத்தால், தூங்கும் கணினிகளைத் தானே எழுப்பி, மென்பொருளை ஏற்றி, மறுபடி தூங்க வைத்துவிடும். விதிகளை வகுப்பது தலைமையகம். பொத்தானை அழுத்துவது மட்டும் நான்.

அழுத்திவிட்டேன். பொரியைக் கண்டபடி இறைத்திருக்கிறார்கள். அது காற்று வடிகட்டியில் போய் அடைத்தால் நான்தான் குடைந்தெடுக்க வேண்டும்.

ஆயுத பூசை, இரவு 9.30

ஒன்றைத் தவிர எல்லாக் கணினிகளிலும் மென்பொருள் ஏறிவிட்டது. மிச்சமிருப்பது வண்டிக்கூடத்துக் கணினி. அது மரகதத்தின் பொறுப்பில் இருப்பது. மரகதம் இந்த நிலையத்தின் வண்டி ஓட்டுநர், என் மனைவி. ஓய்வென்றால் முழு ஓய்வு என்று வலைக்கம்பியையும் பிடுங்கி வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஒரு வாழைப்பழம் வேறு. கேட்டதற்கு, "வருசத்துல ஒரு நாள்ங்க, அதையும் நோண்டாதீங்க" என்றாள். காலையில் செருகியதும் தானாக ஏறிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

விசயதசமி, காலை 9.35

பூசை போட்ட வண்டியைச் சும்மா நிறுத்தக் கூடாதாம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, நல்ல நேரத்தில் ஒரு சுற்று ஓட்டிவர வேண்டும். எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டார்கள். நிலையத் தலைவர் தணிகாசலம் சார் பட்டு வேட்டி. மரகதம் அரக்குப் புடவை. வெளி உடுப்புகள் வண்டிக்கூடத்துச் சுவரிலேயே தொங்குகின்றன. வண்டிக்குள் காற்று இருக்கிறதே, இறங்கவா போகிறோம் என்றார்கள். காற்றுக் கலனையும் முழுதாக நிரப்பவில்லை. ஒரு சுற்றுதானே.

உள்ளே ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் நான் இருக்கிறேன்.

காலை 10.50

வண்டி திரும்பி வந்துவிட்டது. வெளிக்கதவு திறக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். வெளிக்கதவைத் திறப்பது வண்டிக்கூடத்துக் கணினி. திறக்கும் முன் அது, கூடத்தின் காற்றை ஏற்றி இறக்கும் காற்றறைக் கணினியிடம் சம்மதம் கேட்கும். தலைமையகத்தின் விதிப்படி, இன்று பத்து மணிக்குள் மென்பொருள் ஏறாத கணினி நோய்ப்பட்ட கணினி. அதனோடு மற்றவை எதுவும் பேசக் கூடாது. போகும்போது மணி பத்தாகவில்லை, கதவு திறந்தது. இப்போது காற்றறைக் கணினி பதிலே சொல்வதில்லை.

மரகதம் வானொலியில் சொன்னது: "கம்பியச் செருகினதும் ஏதோ ஒரு பொட்டி வந்துச்சு. இப்பவா, பிறகான்னு கேட்டுச்சு. நல்ல நேரம் போயிட்டிருந்துச்சா, பிறகுன்னு அமுக்கிட்டேன். தப்பாங்க?"

தப்பில்லை என்றேன். எல்லோரும் அதைத்தான் அமுக்குவார்கள். நானும்கூட.

காலை 11.15

வலை வழியாக அந்தக் கணினிக்கு மென்பொருளை அனுப்பப் பார்த்தேன். மென்பொருள் இல்லாததால் அதனோடு பேச முடியாது, பேச முடியாததால் மென்பொருளை அனுப்ப முடியாது. நேரில் போகவும் வழியில்லை. வண்டிக்கூடத்தில் இப்போது காற்று கிடையாது, அதை நிரப்பவும் இந்த இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ள வேண்டும். அதுவரை உட்கதவு திறக்காது. உடுப்பெல்லாம் அந்தப் பக்கம். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். திரையில் குங்குமம் இருக்கிறது.

காற்றறைக் கணினியிலிருந்து மென்பொருளை நீக்கப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்கிறது. அது தலைமையகத்திடம்தான் இருக்கிறது.

வண்டியில் மூன்று மணி வரை காற்று இருக்கும் என்கிறார் தணிகாசலம் சார்.

காலை 11.40

தலைமையகம் விடுமுறை. பலமுறை கூப்பிட்ட பிறகு ஒரு பையன் எடுத்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், விசாரிப்பவர்களுக்கு உதவும். "சார், நான் இன்னிக்கி போன் எடுக்க மட்டுந்தான் இருக்கேன். அந்த பாஸ்வேர்டு மேனேஜர் மேடம்கிட்ட இருக்கு. அவங்க குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போயிருக்காங்க. அடிச்சிக்கிட்டே இருக்கேன் சார், எடுக்க மாட்டேங்கறாங்க. கூட்டத்துல கேக்காது போல." அவசர அனுமதி வேறு யாராவது தரலாமா என்று கேட்டேன். நிலையத் தலைவர் தரலாம், அவருடைய அலுவலகக் கணினியில் கைரேகை வைத்தால் போதும் என்றான். நிலையத் தலைவர் கதவுக்கு வெளியே நிற்கிறார் என்றேன். மேடத்துக்கே மறுபடி அடிக்கிறேன் என்றான்.

காற்றறைக் கணினியை முழுதாக அழித்துப் பழைய நிலையிலிருந்து கட்டப் போகிறேன். இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை காற்று எந்திரம் தன்போக்கில் ஓடும். மென்பொருள் மறுபடி வந்து ஏறாதபடி சர்வரைப் பிடுங்கிவிட்டேன்.

பிற்பகல் 12.50

பாதிக்கு மேல் முடிந்தது. கை வேலை செய்கிறது. மனத்தில் ஒன்றும் ஓடவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் பயம் வர மாட்டேன் என்கிறது.

வண்டிக்குள் சர்க்கரைப் பொங்கலைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்களாம். "உங்க பங்கு டப்பாவுல இருக்கு" என்றாள் மரகதம்.

பிற்பகல் 1.40

கணினி எழுந்தது. எழுந்த மறுகணமே மென்பொருள் அதில் ஏறிவிட்டது. சர்வர் இல்லாவிட்டால் பக்கத்துக் கணினி கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கணக்குப் பிரிவின் கணினி கொடுத்திருக்கிறது. திரையில் பச்சை டிக். வெளிக்கதவுக்கு மறுபடி பதில் இல்லை.

நான் முட்டாள். எல்லாவற்றையும் பிடுங்கியிருக்க வேண்டும். அறை அறையாக ஓடிப் பிடுங்கிவிட்டேன். சந்தனம் கையெல்லாம் ஒட்டியிருக்கிறது. மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு மணி நேரம்.

தணிகாசலம் சாரிடம் நேரத்தைச் சொன்னேன். "சரி பூவராகா. பதறாம செய். நாங்க பேச்சக் கொறச்சுக்கறோம், காத்து மிச்சமாகும்" என்றார்.

பிற்பகல் 2.45

மரகதம் கூப்பிட்டாள். மெதுவாகப் பேசினாள்.

"பாதிப் பேர் தூங்கிட்டாங்க. எனக்கும் கண்ணு சொருகுது. வண்டிய கதவுக்கு நேரா நிறுத்திருக்கேன். தெறந்ததும் கூப்பிடுங்க, ஒரே மிதில உள்ள வந்துருவேன்."

தூங்காதே என்றேன். "தூங்கல" என்றாள். என்னவாவது பேசிக்கொண்டே இரு என்றேன். காற்று மிச்சமாக வேண்டும் என்று சார் சொன்னது நினைவுக்கு வந்து, வேண்டாம், பேசாதே என்றேன். அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

பிற்பகல் 3.20

கூப்பிட்டேன். பதில் இல்லை. நிறுவல் பட்டை நகர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செய்ய வேறொன்றும் இல்லை.

பிற்பகல் 3.55

காற்றறைக் கணினி தனியாக எழுந்தது. யாரும் அதற்கு எதையும் கொடுக்கவில்லை. கட்டளை கொடுத்தேன். சம்மதம் சொன்னது.

வெளிக்கதவு திறந்துவிட்டது.

வண்டி நேராக நிற்கிறது. முன்விளக்கு எரிகிறது. உள்ளே வரவில்லை.

மாலை 4.30

தலைமையகத்துப் பையன் கூப்பிட்டான். "சார், மேடம் எடுத்துட்டாங்க சார். பாஸ்வேர்டு சொல்லட்டுமா?" பின்னால் யாரோ அழுவது போல இருந்தது. அது அவனாகவும் இருக்கலாம். சொல் என்றேன். சொன்னான். எழுதிக்கொண்டேன்.

மாலை 6.05

இதைப் படிப்பவர்களுக்கு. செய்ய வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். வெளிக்கதவை மூடினால்தான் கூடத்தில் காற்று நிரம்பும், உட்கதவு திறக்கும், உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போய்ப் பார்க்கலாம். மூடும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கதவு திறந்துவிட்டது, வா என்று அவளிடம் வானொலியில் சொல்லியிருக்கிறேன். அவள் வண்டியைக் கிளப்பும் நேரத்தில் கதவு மூடியிருக்கக் கூடாது.

இரவு 11.40

திறந்தே வைத்திருக்கிறேன்.