மக்காச்சோள வியாபாரிக்குச் சொல்லாத விதி

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நடுராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். விடிந்தால் என் மனம் இளகிவிடும். உங்கள் முட்டிவலி தேவலையா? அங்கே உங்களிடம் விட்டுவந்த என் பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

பக்கத்து வயலின் மரபணு மாற்றிய பயிரிலிருந்து மகரந்தம் பறந்து வந்து நம் மக்காச்சோளத்தில் கலந்துவிட்டது என்று சொல்லி, மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனாரே வியாபாரி, அவர் இன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கப்பலில் ஏற்ற வேண்டிய அவருடைய சரக்கிலும் அதே கலப்பு இருப்பதாக எங்கள் பரிசோதனையில் தெரிந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எப்படிம்மா? சுத்தமான சரக்குனு பார்த்துத்தானே வாங்குனேன்?"

"காத்தடிச்சா நாங்க என்ன பண்றது? உங்க தலையெழுத்து."

அன்று உங்களிடம் அவர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் திருப்பிக் கொடுத்தேன். இந்த மாதத்துக்குள் மறுபரிசோதனை கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. அலையட்டும்.

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம். பாப்பா போட்ட சட்டை ஒன்றை அம்மாவிடம் சொல்லித் துவைக்காமல் அனுப்புங்கள்.

'பாவம், சொல்லிடும்மா' என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் சொல்லித் தொலைக்க வேண்டிவரும். ஆனால் சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்