துண்டு துண்டாக நம் தெரு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை வழக்கம்போல அக்காவிடம் போட்டுவிட்டதாகச் சொல்லிவிடுகிறாயா?

சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து நான் படுத்துக் கிடந்தபோது, வெளியே போக முடியவில்லை என்று அழுத எனக்காக நம் தெருவையே பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டினாயே, நான் மடித்து இங்கே கொண்டுவந்த அந்தப் படம் மடிப்புகளில் கிழிய ஆரம்பித்துவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் விரித்து, நாற்காலி மேல் ஏறி நின்று, கைபேசியில் பகுதி பகுதியாக எடுத்தேன். பாதியில் சறுக்கி விழுந்தேன். பயப்படாதே, லேசான சுளுக்குதான். மீதியை என் அறைத் தோழன் எடுத்தான்.

"ஒவ்வொண்ணுலயும் பக்கத்துத் துண்டு கொஞ்சம் வரணும்டா, இல்லேன்னா சேராது" என்றான்.

கணினியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். தையல் கடை, குழாயடி, உன்னோடு சண்டை போடும் எதிர்வீட்டு அத்தை எல்லாரும் வந்தார்கள். பந்து விளையாடும் பையன்களைப் பார்த்து அவன் சிரித்தான்.

"இது யாரு? உன் காது மாதிரியே இருக்கு."

நான்தான் அம்மா. படத்தில் நகமளவே இருந்ததால் இத்தனை வருடமும் கவனிக்கவில்லை. கட்டிலில் கிடந்தவனை நீ தெருவில் விளையாட விட்டிருக்கிறாய்.

தெரு இப்போது எப்படி இருக்கிறதோ, அப்படியே வரை; அதைப் படமெடுத்து அனுப்ப அக்காவிடம் சொல். பகல் வெளிச்சத்தில் எடுக்கட்டும். வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. எனக்கு இப்போது கொஞ்சம் தொப்பை விழுந்திருக்கிறது, அதையும் சேர்த்து வரை.

உன் மகன்