உருட்டு டிரம்மும் பூட்டிய கேட்டும்

ஏப்ரல் 4

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுத் தோட்டத்துக்கு உரத்தொட்டி ஒன்று வாங்கப்படும். அதைத் தேர்ந்தெடுக்கும் முழு அதிகாரமும் என்னிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. கைதட்டல்!

அதிகாரம் எப்படி வந்தது என்பதை வரலாறு மறந்துவிட்டால் நல்லது. மறக்காது. ஏப்ரல் முதல் தேதி, "நாளை குழாயில் தண்ணீர் வராது" என்று சும்மா அச்சடித்து விளக்குக் கம்பத்தில் ஒட்டியவன் நான். தெருவே குடம், வாளி, டம்ளர் வரை பிடித்து வைத்தது. பக்கத்து வீட்டு டெய்லர் அத்தை கடைக்கு ஓடி ஒரு நீல டிரம்மே வாங்கிவிட்டார். மறுநாள் தண்ணீர் வழக்கம்போல் கொட்டியது.

அம்மா நீதிமன்றத்தில் தட்டச்சர். தீர்ப்புக்கு யோசிக்கவே இல்லை.

"காய்கறிக் கழிவு மொத்தமும் இனி உன் பொறுப்பு. முதல் வாளி உரம் என் கைக்கு வர்ற வரைக்கும், ஸ்கூல் விட்டா வீடு. கேட்டைத் தாண்டக் கூடாது."

மே 25 கால்பந்து இறுதிப்போட்டி. நான் இல்லாமல் எங்கள் அணி மைதானத்தில் கால் வைக்குமா?

ஏப்ரல் 6

அம்மாவின் காவலில் கடைக்குப் போனேன். அடுக்குப் பானை – மூன்று மாதமாம். கம்பிவலைக் கூண்டு – அதற்கும் மேல். கைப்பிடி வைத்து உருட்டும் டிரம் – "ஒரே மாதத்தில் உரம்!" அதிலும் இரண்டு ரகம்: நடுவில் தடுப்பு வைத்தது, தடுப்பில்லாதது. கடைக்காரர் தடுப்பு வைத்ததையே தட்டித் தட்டிக் காட்டினார். எதற்கு? தடுப்பில்லாததில் தாராளமாக இடம் இருக்கிறதே!

அதையே வாங்கி வந்தேன். அக்கா பார்த்ததும் சொன்னாள்: "உருட்டுற டிரம்மா? உனக்குன்னே செஞ்சிருக்காங்கடா."

ஏப்ரல் 15

தோல், தேயிலைத்தூள், காய்ந்த இலை. போட்டேன், உருட்டினேன். நாற்றமே இல்லை. மேதை என்றால் சும்மாவா?

ஏப்ரல் 27

திறந்து பார்த்தேன். பழையது கறுத்து மண்ணாகிக்கொண்டு வருகிறது. அதன் நடுவே நேற்றைய உருளைக்கிழங்குத் தோல் பளபளவென்று சிரிக்கிறது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "வேகுற பானையில தினமும் பச்சைக் காயைப் போட்டுக்கிட்டே இருந்தா, எப்படா இறக்குவ?"

தடுப்பு எதற்கென்று இப்போதுதான் மண்டையில் ஏறியது. ஒரு பக்கத்தை வேகவிட்டு, மறுபக்கத்தில் புதுசு போட வேண்டும். என்னுடையது ஒரே அறை. போடுவதை நிறுத்தினால் தீர்ப்பை மீறியவன். நிறுத்தாவிட்டால் உரம் வராது. ஐயோ, என் சிறைக்கு நானே போய்ப் பூட்டு பார்த்து வாங்கியிருக்கேன், அதுவும் பெரிய சைஸா!

"அம்மா, இன்னொண்ணு வாங்கலாமா?"

"தேர்ந்தெடுத்தது யாரு?"

அப்பீல் தள்ளுபடி.

ஏப்ரல் 29

மதில் மேல் எம்பிக் கூப்பிட்டேன். "அத்தை... அந்த நீல டிரம்... சும்மாதானே இருக்கு?"

டெய்லர் அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சும்மாதான் இருக்கு. யாரு புண்ணியம்?"

வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. "சாரி அத்தை" மட்டும் வந்தது.

"பிடிடா. தலையில போட்டுக்காத."

டிரம் சுவரைத் தாண்டி வந்துவிட்டது. நான்தான் இன்னும் தாண்டவில்லை.

அக்கா அதில் காற்றுத் துளைகள் போட்டுக் கொடுத்தாள். இனிப் புதுசு நீலத்துக்கு. பழையது நிம்மதியாக வேகட்டும்.

மே 25

அம்மா ஒரு பிடி அள்ளிக் கசக்கினாள். "தோலு இன்னும் தோலாவே இருக்கு."

மாலை முழுக்க ஜன்னல் கம்பிதான். மைதானத்துச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. கத்துவது எங்க பசங்களா, அவங்களா? அதுகூடத் தெரியல. போங்கடா. எல்லாரும் போங்க.

மே 26

ஜெயித்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்று கேப்டன் சொன்னான்: "நீ இல்லாம ரொம்பக் கஷ்டமாப் போச்சுடா." அக்கா காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.

ஜூன் 9

ஒரு வாளி. கறுப்பு, உதிரி உதிரியாக, மழை நின்ற மண்ணின் வாசனை. அம்மா முகர்ந்து பார்த்தாள். கேட் சாவியை நீட்டினாள்.

கேட்டைத் தாண்டி எடுத்த எடுப்பில் போனது பக்கத்து வீட்டுக்கு. பாதி வாளியை அத்தையின் ரோஜாத் தொட்டிகளில் கொட்டினேன். பிறகு மைதானத்துக்குக் கிளம்பியவன், பாதி வழியில் திரும்பிவிட்டேன். நீல டிரம்மைக் கிளறவில்லையே என்று ஞாபகம் வந்துவிட்டது. கை வைத்தால் கதகதவென்று சூடு. பசங்களிடம் கால் வலி என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. கேப்டன் அன்று சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன். மீதி: "பாட்டில் தூக்க ஆளே இல்லடா." தெருவுக்கே தண்ணீர் வராது என்று அறிவித்த மகான், அணியில் தண்ணீர் தூக்குபவன்தான். இதுவரை ஒரு தடவைகூடப் பந்தைத் தொட்டதில்லை.