‘பட்டர்’ என்று எழுதிய டப்பா

அக்கா,

காலையில் இட்லி மாவை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பின்வரிசையில் அந்த டப்பா. மூடியில் ஒட்டிய காகிதத்தில், உங்கள் சாய்ந்த கையெழுத்தில் ‘பட்டர்’. மாவை எடுக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஃப்ரிட்ஜ் கத்த ஆரம்பித்த பிறகுதான் மூடினேன். உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை இன்றாவது எழுதிவிட வேண்டும். எழுதி யாரிடம் கொடுப்பாய் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

சேலையூரில் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரே அடுப்பு, ஒரே ஃப்ரிட்ஜ் என்று இருபது வருடம் ஓரகத்திகளாகக் குப்பை கொட்டினோம். நான் இந்த வீட்டுக்கு வந்தது ஒரு சித்திரை மாதம். மூத்த மருமகளான நீங்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். “வா, இந்த வீட்லயே ஜில்லுனு இருக்கிற இடம் இதுதான்” என்று நகர்ந்து இடம் கொடுத்தீர்கள். கோத்தகிரியில் பிறந்த உடம்பு, தாம்பரத்து வெயிலை மன்னிக்கவே இல்லை.

அந்த வாசலில் உட்கார்ந்துதான் பட்டர்கப் பூவைப் பற்றிச் சொல்வீர்கள். உங்கள் அப்பா வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டில், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் வைத்தது, வேலி தாண்டி ஓடைக்கரை முழுக்கப் பரவிக் கிடந்ததாம். ஐந்து மஞ்சள் இதழ், வார்னிஷ் அடித்தது போல் பளபளப்பு. “பனி கொட்டினாலும் சாகாதுடி. மாடு மிதிச்சாலும் மறுபடி வரும். வாயில மட்டும் வெச்சுடாத, நாக்கு பொத்துப் போயிடும்.” பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதைப் பறித்து ஒருத்தி தாடைக்குக் கீழே ஒருத்தி பிடித்துப் பார்ப்பீர்களாம். தாடையில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தால் அவளுக்கு வெண்ணெய் பிடிக்கும் என்று அர்த்தம். “எனக்கு எப்பவும் விழும்” என்று பெருமையாகச் சொல்வீர்கள்.

ஒருமுறை ஊரிலிருந்து அதன் விதையைக் கொண்டுவந்தீர்கள். குளிரில் கிடந்தால்தான் முளைக்கும் என்று ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே ‘பட்டர்’ என்று எழுதினீர்கள். முழுப் பெயரையும் எழுதியிருக்கக் கூடாதா அக்கா? தீபாவளிக்கு முறுக்கு மாவில் போட நான் வெண்ணெய் தேடினேன். திறந்தால் பூஞ்சை வாடை, நசநசத்த துணி, உள்ளே பழுப்பாக என்னவோ. எலிப்புழுக்கை என்று நினைத்துவிட்டேன். ஃப்ரிட்ஜுக்குள் எலி எப்படிப் போகும் என்று நின்று யோசிக்கிற ஆளா நான்? துணியோடு குப்பை வண்டியில் போட்டேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

நீங்கள் திட்டியிருக்கலாம். கவிழ்த்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “போனா போகுது, அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப எடுத்துட்டு வரேன்” என்றீர்கள்.

அடுத்த தடவை வரவில்லை. பொங்கல் முடிந்த வாரம் குரோம்பேட்டையில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் பேசினார். ஆட்டோவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். கேம்ப் ரோடு வந்த பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பூவ இன்னொரு தடவ பாத்துட்டா போதும்டி” என்றீர்கள். மலை ஏறுகிற நிலையில் உடம்பு இல்லை. நான் அந்த டப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் தம்பியிடம் போனில் அழுதேன். வேரோடு மூன்று செடியை ஈரப்பாசியில் பொதிந்து பஸ்ஸில் அனுப்பினார். ராஜகீழ்ப்பாக்கம் நர்சரிக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். “இன்னாமா இது, மலைச் செடியக் கொண்ட்டு வந்துகீற. இங்க நிக்காது. அதுக்கும் பேஜாரு, உனக்கும் பேஜாரு” என்றார். அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். இரண்டு செடி மாசியிலேயே போனது. மூன்றாவதை நம் குளியலறை வாசலில் வைத்தேன். மண்பானைக்குள் தொட்டி, சுற்றி நனைத்த சாக்கு, வேரடியில் காலையும் மதியமும் ஐஸ்கட்டி. பங்குனியில் ஒரு மொட்டு வந்தது. கட்டிலிலிருந்து தினமும் கேட்பீர்கள், “விரிஞ்சுதா?” நாளைக்கு, நாளைக்கு என்பேன். கத்திரி பிறந்த நான்காம் நாள் அந்த மொட்டு காம்போடு கருகித் தொங்கியது. பனியில் சாகாதது நம் வீட்டில் செத்துப்போனது. நான் தரையில் உட்கார்ந்து அந்தச் செடியிடம் கெஞ்சினேன் அக்கா. அதற்கு மேலும் ஐஸ் வைத்தேன், பைத்தியம் மாதிரி.

அன்று மாலை ரயில்வே மைதானத்து ஓரத்தில் நெருஞ்சிப் பூ ஒன்றைப் பறித்தேன். அதுவும் மஞ்சள், அதற்கும் ஐந்து இதழ். உங்களுக்குக் கண் மங்கியிருந்தது, அதை நம்பினேன்.

“அக்கா, பூத்துடுச்சு.”

“தாடைக்குக் கீழ புடி. கண்ணாடி எடு.”

பிடித்தேன். கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தீர்கள். “விழுது பாரு, மஞ்சளா விழுது” என்றீர்கள். நானும் ஆமாம் என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். ஏமாற்றினாலும் நிம்மதியாகத்தானே அனுப்பினேன் என்று இவ்வளவு காலம் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உங்கள் புடவைகளைக் கொடுக்கக் கோத்தகிரி போனேன். உங்கள் தம்பி ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார். முதல் தடவையாக அந்தப் பூவை நிஜமாகப் பார்த்தேன். ஒன்றைத் தாடைக்குக் கீழே பிடித்து செல்போனில் முகத்தைப் பார்த்தேன். தோலில் விளக்கு வைத்தது போல் மஞ்சள் விழுந்தது. நெருஞ்சிக்கு அந்தப் பளபளப்பு கிடையாது. எந்தத் தாடையிலும் அது எதையும் விழவைக்காது. சின்ன வயதிலிருந்து அந்தப் பூவோடு வளர்ந்த உங்களுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டது கிடைக்காமலே போகிற நேரத்தில் என் முகம் வாடக் கூடாது என்று பார்த்தீர்கள். ஓடைக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இதற்கு நீங்கள் என்னைத் திட்டியே தீர்த்திருக்கலாம்.

அங்கிருந்து எடுத்து வந்த விதைதான் இப்போது டப்பாவில் இருக்கிறது. முளைக்கும். சித்திரையில் சாகும். எனக்குத் தெரியும், இருந்தாலும் விதைப்பேன். வீட்டில் யாராவது அந்தப் பின்வரிசையில் கையை விட்டால் கத்துகிறேன். உங்கள் எழுத்தின் மேல் வேறு பெயர் எழுத மனம் வரவில்லை. அதனால் யாரும் ‘பட்டர்’ என்று தேட வேண்டாம் என்று, வெண்ணெய் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.