உங்க டம்ளர் கஷாயம்

என்னங்க, நான் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பிட்டேன். தோசை மாவு ஃப்ரிட்ஜில இருக்கு. பேத்தமங்களாவில இருந்து உங்க அம்மா வருவாங்க. வேலைக்குப் போறப்ப சாவிய அவங்ககிட்ட கொடுத்துடுங்க.

“அவளுக்கு இன்னா கொறைன்னு வைத்தியர் சொன்னாரு?”ன்னு கேப்பாங்க. இந்த வாட்டி நீங்களே சொல்லுங்க. சரியான நாள், கருப்பை, உடம்புல சத்து, வித்து, இந்த நாலும் ஒழுங்கா இருந்தாத்தான் கரு தங்கும்னாரு. வித்துன்னா ரெண்டு பேரோடதும்னு உங்களைப் பார்த்துத்தான் சொன்னாரு. அதனாலதான் கஷாயமும் ரெண்டு பேருக்கு.

என் பங்கைக் குடிச்சிட்டேன். உங்க டம்ளர அடுப்பு மேடையில மூடி வச்சிருக்கேன்.

லவினா

மறந்துட்டேன். உங்க கஷாயத்த தினமும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்தறீங்கன்னு எனக்குத் தெரியும். கோவம்கூட வரல. இனிமே ஊத்தாதீங்க. செடியில காய் புடிச்சிருக்கு.