செத்த பேட்டரிக்குச் சிக்கனம்

என்னங்க,

சாப்பாடு மேஜை மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியில் டிக் டிக் சத்தம் நின்றுவிட்டது! "நீ கட்டில்ல தூக்கிப் போட்டுப் போட்டுத்தான் ஹார்ட் டிஸ்க் கெட்டுச்சு" என்று மூன்று நாளாக என்னைக் கரித்துக் கொட்டினீர்களே, டிஸ்க் கெடவே இல்லை; அந்தச் சத்தத்துக்குக் காரணம் நீங்கள்தான். பேட்டரி மிச்சமாகட்டும் என்று, ஒரு நிமிடம் சும்மா இருந்தாலே டிஸ்க் நின்றுவிடும்படி வைத்திருக்கிறீர்கள். நானோ ஒரு வரியை மொழிபெயர்க்கப் பத்து நிமிடம் யோசிப்பவள். வரிக்கு வரி அது நின்று நின்று ஓடியிருக்கிறது; அதுதான் அந்த டிக் டிக்.

அதுவும் எந்தப் பேட்டரி? போன வருடமே செத்துப்போய், ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடுகிற பேட்டரி!

பவர் செட்டிங்கில் போய், டிஸ்க் நிற்கவே வேண்டாம் என்று நானே மாற்றிவிட்டேன். காலையிலிருந்து ஒரு டிக் கூட இல்லை. நாவல் முழுவதையும் நகல் எடுத்துக்கொண்டு பதிப்பகத்துக்குப் போகிறேன்.

பி.கு: புது டிஸ்க் மாட்ட மெக்கானிக் நாலு மணிக்கு வருவார். வரச் சொன்னது நீங்கள். வேண்டாம் என்பதற்குக் காரணத்தையும் நீங்களே சொல்லுங்கள். கட்டில் கதை வேண்டாம்.

இன்னொன்று: இதைக் கிழித்துப் போட்டுப் பயனில்லை. இதற்கும் நகல் இருக்கிறது.