மாமாவின் சோப்பும் என் கெமிஸ்ட்ரி சீட்டும்

என் செல்ல அப்பாவுக்கு,

எனக்கு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கிடைத்துவிட்டது. திருநெல்வேலியில், ஹாஸ்டலோடு. உங்களிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அம்மா தென்காசியில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

நீங்கள் போன பிறகு அம்மா எதையும் தன் தம்பியைக் கேட்டுத்தான் செய்கிறாள். மாமா முதலில் ஒரேயடியாக மறுத்தார். "ஆசிட்டு, கேஸுன்னு நமக்கு எதுக்குட்டி? பேசாம பி.காம். படி." அவர் இந்த சீசனுக்குக் குற்றாலத்தில் கடை போட்டு, தானே காய்ச்சிய மூலிகை சோப்பு விற்கிறார். 'கெமிக்கல் இல்லாதது' என்று பெரிய போர்டு வேறு.

நானோ கல்லூரிக்குத் தயாராகிறேன் என்று, செம்பருத்திச் சாற்றை வைத்து வீட்டில் கண்டதையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தேன். புளித்தண்ணீர் மாதிரி அமிலம் பட்டால் சிவக்கும். சோப்புத்தண்ணீர் மாதிரி காரம் பட்டால் பச்சையாகும். என் தொல்லை தாங்காமல் அம்மா ரசச் சட்டியை ஒளித்து வைத்தாள்.

ஒருநாள் மாமாவுக்குச் சோறு கொண்டுபோனேன். சாற்றுப் பாட்டிலும் பையில் இருந்தது. சும்மா இருக்க முடியுமா? அவர் சோப்பைக் கரைத்து, அதில் சாற்றை ஊற்றினேன். கரும்பச்சை. குளிக்க வந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார்.

"காரம் ரொம்பத் தூக்கலா இருக்குக்கா."

"சோப்புல மொளகாப்பொடியா போடுதீக?"

அவரோடு வேனில் வந்த அத்தனை பேரும் சோப்பைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். மாமா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா அழுதாள். நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா?

எட்டாம் நாள் மாமா மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். "ஏட்டி, வாங்குனவுக அரிக்குன்னு திருப்பிக் கொண்டாந்து தாராவ. எனக்கும் அரிக்கி. ஒம் புஸ்தகத்துல வழி இருக்கா?"

"காஸ்டிக் சோடா எவ்வளவு போடுதீங்க மாமா?"

"கைக்கணக்குதான்."

தராசு வாங்க வைத்தேன். மூன்றாம் நாளே விற்காமல் ஒரு மாதம் உலரவிடச் சொன்னேன். மாதம் முடிந்ததும் தன் கையில் தேய்த்து, அரை மணி நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரிக்கவே இல்லை. பிறகு அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, இவ அங்கனயே போய்ப் படிக்கட்டும். இங்கன இருந்தா நான் கடைய மூட வேண்டியதுதான்."

கல்லூரியில் சேர மாமாதான் கூட வந்தார். விண்ணப்பத்தில் உங்கள் பெயரை எழுதினேன். அலுவலகத்தில் இருந்தவர், "அப்பா இல்லன்னா பேருக்கு முன்னால லேட்டுன்னு போடும்மா" என்றார். என் பேனா நகரவில்லை. மாமா குனிந்து, "எங்க அத்தான் டிரைவரா இருந்தவரைக்கும் ஒருநாள்கூட பஸ்ஸ லேட்டா எடுத்ததில்ல சார்" என்றார். அந்த சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நானே எழுதினேன், சின்ன எழுத்தில்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. ஹாஸ்டல் பிடிக்கவில்லை என்று முதல் வாரமே ஓடிவர மாட்டேன், அப்பா. இது சத்தியம். இரண்டாவது வாரத்தைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

உங்கள் ஒரே மகள்,
இசக்கியம்மாள்